மருந்துத் தொட்டி இருந்த சதுப்பு

மே 14
வண்டியைக் கிளட்ச் மாற்றக் கொடுத்துவிட்டு, நடந்தே பழைய மர ஆலைக்குப் போனேன். எங்கள் பழங்குடியின் சுற்றுச்சூழல் வேலை என்னுடையது. மண்ணைச் சோதிக்க ஹாஃப்னர் ஆட்களோடு வந்திருந்தார். ஆலைக் கம்பெனி சம்பளம் கொடுத்து அனுப்பிய நிபுணர். முன்பு லாரிகள் நின்ற சரளைத் திடலில் துளைமேல் துளை போட்டார்கள். பலகை உளுக்காமலிருக்க அதைப் பென்டா என்ற விஷமருந்தில் முக்கியெடுத்த தொட்டி இருந்ததோ பின்பக்கம், சதுப்பு ஓரத்தில். அங்கே ஒரு துளைகூட இல்லை. ஏன் என்று கேட்டேன். ஈரமாம். இயந்திரம் புதைந்துவிடுமாம்.

புதையட்டுமே. எல்க் மான்கள் குட்டி போடுவது அங்கேதான். நாங்கள் நீர்க்கிழங்கு தோண்டுவதும் அங்கேதான். லாரி நின்ற இடத்தையா தின்கிறோம்?

மே 15
இன்னும் ஆறவில்லை. சமைக்கவும் இல்லை.

ஜூலை 2
அறிக்கை வந்துவிட்டது. ஆபத்து இல்லையாம். சதுப்பைப் பற்றி ஒரே வரி: அணுக இயலவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நாங்கள் நடக்கிற இடம் அது!

நேரே ஆர்லனிடம் போனேன். என் சித்தி மகன். இப்போது எங்கள் பழங்குடி மன்றத் தலைவன். அவன் கையெழுத்திட்டால் ஆலை நிலம் எங்களுக்குத் திரும்பிவிடும். அதோடு கம்பெனியின் பொறுப்பும் தீர்ந்தது. பிறகு மண்ணுக்குள் எது கிடந்தாலும் எங்கள் பாடு.

"இந்த நெலம் திரும்ப வர்றத பாக்காமலே எங்கப்பா போய்ச் சேந்தாரு. நீ குறுக்க நிக்காதக்கா" என்றான்.

"வெஷத்தையும் சேத்து வாங்குறடா."

"இருக்கட்டும். நம்ம நெலத்த நாமளே சுத்தம் பண்ணிப்போம்."

"எத வச்சு? மன்றம் நடத்துற கேசினோ வருமானத்த வச்சா? கூரை ஒழுகுதுன்னு வாளி வச்சிருக்கீங்களேடா அங்க."

கதவை அறைந்துவிட்டு வந்தேன்.

ஜூலை 3
அவன் சொன்னதில் பாதி நியாயம். அதனால்தான் இன்னும் எரிகிறது.

ஜூலை 19
எங்கள் வனவிலங்குப் பிரிவு கிளைடைக் கூட்டிக்கொண்டு சதுப்பில் இறங்கினேன். கையால் திருகும் துளைக்கம்பிதான். முழங்கால்வரை சேறு. கம்பியைத் தூக்கினால் மண் கறுப்பு. பெட்ரோலும் அந்துருண்டையும் கலந்த நாற்றம்; தலை கிறுகிறுத்தது. பக்கத்திலேயே எல்க் குளம்புத் தடம்.

"ஹாஃப்னர் சொன்னது சரிதான் ரோவீனா. ஈரமாத்தான் இருக்கு" என்றார் கிளைட்.

ஆகஸ்ட் 27
ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு. பென்டா, கூடவே அதைவிடக் கொடிய டயாக்ஸின். அனுமதித்த வரம்பெல்லாம் எங்கோ கீழே நிற்கிறது. ஹாஃப்னரைத் தொலைபேசியில் பிடித்தேன். கையால் எடுத்த மண் கணக்கில் வராதாம். கிழங்கையும் கையாலதான்யா எடுக்கறோம்னு கத்தினேன். வைத்துவிட்டார்.

செப்டம்பர் 9
மன்றக் கூட்டம். நான் எழுந்ததுமே பின்வரிசையில் ஒரு குரல்: "நெலமே வேணாங்கறாளா இவ?" சதுப்பு மண்ணைக் கண்ணாடிக் குடுவையில் கொண்டுபோயிருந்தேன். ஆர்லன் முன்னால் வைத்தேன். மூடியைத் திறந்து முகர்ந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூடியை இறுக்கித் திருகினான்.

"கையெழுத்து இல்ல. மொதல்ல சதுப்புல தொளை போடச் சொல்லுங்க."

என் பக்கம் பார்க்கவே இல்லை.

அக்டோபர் 5
கிழங்கு தோண்டக் கூடாது என்ற பலகையை நானே அடித்து நட்டேன். வாளியோடு வந்தவர்கள் படித்துவிட்டுத் திரும்பினார்கள். ஒருத்தி மட்டும் நின்று, "இப்ப நிம்மதியா உனக்கு?" என்றாள். விஷத்தை ஊற்றியவன் எங்கோ நன்றாகத் தூங்குகிறான். ஏச்சு எனக்கு.

நவம்பர் 8
மன்றத் தேர்தலில் ஆர்லன் தோற்றுவிட்டான். வந்த நிலத்தை விட்டவன் என்று பேர். அவனுக்குத்தான் ஓட்டுப் போட்டேன். சொன்னால் நம்புவானா?

ஏப்ரல் 22
ஆர்லன் தலைவனாயிருந்தபோது கேட்டபடியே வேறு நிபுணர்கள் வந்தார்கள். சதுப்பின்மேல் கனத்த பலகைகளை விரித்து அதன்மேல் இயந்திரத்தை ஓட்டிப்போனார்கள். புதையவில்லை. பலகை விரித்தால் போதுமாயிருந்தது! மர ஆலையில் பலகைக்கா பஞ்சம் வந்தது?

மே 20
எங்கள் முடிவேதான் அவர்களுக்கும். மண்ணை அள்ள வேண்டியது கம்பெனிதான். நிலம் அதற்குப் பிறகே. ஜூனிலேயே தோண்டுவார்களாம். குட்டி போடும் காலம் என்று கிளைட் தலைபாடாய் அடித்துக்கொண்டார். கம்பெனி ஆட்கள் கேட்கவில்லை. மான்களை முன்கூட்டியே விரட்ட ஆள் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்த வேலையைக் கேட்டுக் கிளைடிடம் வந்தவன் ஆர்லன்.

ஜூன் 3
காலையில் ஆர்லன் நாலுசக்கர பைக்கில் சதுப்பைச் சுற்றிச் சுற்றி வந்து மான்களை மேட்டுக்கு ஏற்றினான். ஒன்று மட்டும் நகரவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு என்னைக் கையசைத்துக் கூப்பிட்டான். கோரைக்குள் ஈன்றிருந்தது. குட்டியின் உடம்பு இன்னும் காயவில்லை.

"இத எப்டிக்கா வெரட்றது?"

தேர்தலுக்குப்பின் அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்.

இயந்திரக்காரர்களிடம் போய், அந்தக் குட்டி எழுந்து தாயோடு நடக்கிறவரை வேலை கிடையாது என்றேன். அவர்களின் மேஸ்திரி வாய் திறக்குமுன் ஆர்லன் வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டான்.