சொல்லிவிட்டுப் போன ஆய்வுகள்

வைகாசி 9, வெள்ளி

உடன்குடியில் தண்ணீர் லாரி வைத்திருக்கும் அண்ணாச்சியின் ஆழ்துளைக் கிணற்றில், ஆபீஸ் பதிவேட்டுக்காக மாதாமாதம் எடுக்கும் நீர்மட்டத்தை அளக்கப் போனேன். எப்போதும் முந்தின நாளே போன் பண்ணிவிடுவேன். பெரிய மனிதர், திடுதிப்பென்று போய் நிற்கக் கூடாது என்ற மரியாதைதான். நேற்று மறந்துவிட்டேன்.

இன்று போனபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நூறடி நாடாவை முழுதும் இறக்கியும் முனை நனையவில்லை. போன மாதம் இதே கிணற்றில் நாற்பதடியில் தண்ணீர் என்று எழுதியவன் நான்.

லாரி டிரைவர் சிரித்தான். "நீங்க வாரியன்னா அண்ணாச்சி முந்தின நாளே மோட்டாரை நிப்பாட்டிருவாவ. ராத்திரி பூரா ஊறிரும்லா. நேத்து ஏன் சார் சொல்லல?"

ஆறு வருடமாக என் மரியாதையில்தான் அந்தக் கிணறு ஊறியிருக்கிறது.

அந்தக் கிணற்றுக்கு அடுத்த வீட்டு ரோஸ்லின் டீச்சரின் அடுக்களைத் தரை ஒரு சாண் இறங்கிவிட்டது. அடியில் தண்ணீரை உறிஞ்சுவதால்தான் மண் உள்வாங்குகிறது, மோட்டாருக்குச் சீல் வையுங்கள் என்று போன மாதம் எங்கள் ஆபீசில் மனு கொடுத்தார். நீர்மட்டம் சரியாக இருக்கிறது, அஸ்திவாரம்தான் மோசம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இன்று வாசலில் நின்றவர், "சாப்பிட்டியளா சார்?" என்று மட்டும் கேட்டார்.

சற்றுமுன் அண்ணாச்சி போனில் வந்தார். குரலில் கோபமே இல்லை.

"என்ன தம்பி, சொல்லாம வந்துட்டிய? அடுத்த தடவை ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க."

"சரி அண்ணாச்சி" என்றேன்.

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது அதுதான்.