ஐந்தாம் குழியின் ஓடுகள்

நேற்றுக் கண்டி பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் நகப்பூச்சுக் குப்பியைத் திறந்தாள். அகழ்ந்தெடுத்த பானை ஓடுகளில் இலக்கம் எழுதுமுன் நாம் அடியில் பூசுவோமே, அதே நிறமற்ற பூச்சு. நெடி மூக்கில் ஏறியதும் உன் பெயர் வாய்வரை வந்தது. வேறொன்றும் வரவில்லை. இறங்க வேண்டிய இடத்தில் இறங்கினேன்.

ஹந்தானைத் தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து வந்த இரண்டாம் வருட மாணவி நீ. நான் உன் விரிவுரையாளர். பல்கலைக்கழகச் சேகரிப்பு அறையின் பழைய பெட்டிகளை மீளப் பதிவுசெய்வது நம் வேலை. ஒரு பகல், கையில் ஓர் ஓட்டோடு வந்து நின்றாய்.

"மிஸ், கோவிச்சுக்காதீங்க. பெட்டியில மூணாங்குழின்னு எழுதியிருக்கு. ஓட்டுல அஞ்சாங்குழி இலக்கம். பெட்டி முழுக்க அப்படித்தான் இருக்கு."

பெட்டிச் சீட்டில் இருந்தது என் கையெழுத்து, மாணவியாக இருந்தபோது எழுதியது. ஓடுகள் மூன்றாம் அகழ்வுக் குழியில் கிடைத்தவை என்ற அந்தச் சீட்டை நம்பித்தான் என் ஆய்வேட்டின் முடிவே நின்றது.

"மூடி வை. பிறகு பார்ப்போம்" என்றேன்.

இரண்டு கிழமை உன் முகத்தைப் பார்க்காமல் நடமாடினேன். நீ யாரிடமும் சொல்லவில்லை. தினமும் வந்து மற்றப் பெட்டிகளைச் செய்தாய். கடைசியில் நானே அந்தப் பெட்டியைத் தூக்கிவந்து மேசையில் வைத்தேன். மாலைவரை விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பார்த்தோம். ஐந்தாம் குழிப் பெட்டியிலிருந்த ஒரு துண்டு இதிலிருந்த துண்டோடு சரியாகப் பொருந்தியபோது நீ சிரித்தாய். என் சீட்டுத்தான் பிழை என்று நான் பதிவேட்டில் எழுதினேன். திருத்தக் கட்டுரையைச் சேர்ந்தே எழுதினோம்.

"உங்க பேரை முதல்ல போடுங்க மிஸ்."

"பிழையில என் பேர் தனியாத்தானே இருக்கு. திருத்தத்தில உன் பேர் முன்னால இருக்கட்டும்."

அது அச்சாகுமுன் டெங்குக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. ஐந்தே நாள்.

உன் குறிப்புப் புத்தகங்களை வாங்க உன் அப்பா வந்தார். "புள்ள இங்க என்னாங்க வேலை பார்த்துச்சு?" என்று கேட்டார். பொருந்திய அந்த இரண்டு துண்டுகளையும் காட்டினேன். தொடாமல், குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு அழுதார். நான் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். எனக்கு இன்றுவரை அழுகை வரவில்லை.

கட்டுரை வந்தது. துறையில் சிலர் என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். அதுவும் எங்கோ யாருக்கோ நடப்பதுபோல் இருந்தது.

போன கிழமை புதிய மாணவி ஒருத்தி, நான் தயாரித்த பட்டியலைப் பிடித்தபடி வாசலில் தயங்கினாள்.

"மிஸ், இதில ஒரு பிழை இருக்கிற மாதிரி..."

"உள்ளே வா" என்று கதிரையை அவள் பக்கம் தள்ளினேன். "எங்கே, காட்டு."