பத்துச் சொட்டும் அக்காவின் கைராசியும்

குருவிநத்தம்
தாது வருஷம் ஆனி மாதம் 9-ம் தேதி

சிரஞ்சீவி பலராமனுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. எல்லோரும் க்ஷேமம் என்று தொடங்குவதுதான் முறை, ஆனால் இந்தத் தடவை உன் அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று தொடங்குகிறேன், அதையே க்ஷேமமாக எடுத்துக்கொள். பயப்படாதே, இதை எழுதும்போதுகூடக் கஞ்சியில் உப்பு பற்றவில்லை என்று என்னைத் திட்டிக்கொண்டுதான் படுத்திருக்கிறாள். உன் சைகோன் கடிதம் கப்பல் தபாலில் வந்து இருபது நாள் ஆகிறது. ஆஸ்பத்திரியில் உன்னை எட்டு ஆளுக்கு மேலாளாகப் போட்டிருப்பதையும், ஊசி மருந்து அலமாரியை யார் பொறுப்பில் விடுவது என்று நீ குழம்புவதையும் படித்தேன். சைகோன்காரர் ஒருவர் கை சுத்தமாக வேலை செய்கிறார், ஆனால் புதியவர், நம் பாகூர் முத்துசாமி மூத்தவர், ஆனால் இரண்டு தரம் அளவு தவறியவர், அவரைத் தள்ளினால் மனம் நோகுமே, என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தாய். முத்துசாமிக்கே கொடு, நம் ஊர்க்காரர் முகம் வாடக் கூடாது என்று பதில் எழுதி உறையில் போட்டு ஒட்டாமல் வைத்திருந்தேன். அதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

அமாவாசைக்கு மறுநாள் அம்மாவுக்குச் சீதபேதி கண்டது. ஐந்து நாளில் ஆள் பாதியாகிவிட்டாள். துணி அலசி அலசி என் கை வெளுத்துவிட்டது, இடுப்பு நிமிர மறுக்கிறது. நாற்பது பேரை வைத்து நடவு நடத்துகிறவன் என்று மீசையைத் தடவிக்கொள்கிற நான், ஒரு பாயை மாற்றத் தெரியாமல் நோயாளியையே தரையில் உருட்டிவிட்டேன். பாகூரிலிருந்து நர்சம்மா காசம்மாள் வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்து, டாக்டர் எழுதிய அபின் சேர்ந்த மருந்தைக் கொடுத்தார். வேளைக்குப் பத்துச் சொட்டு, கண்ணாடிக் குழாயில் எண்ணி விட வேண்டும். யார் கொடுப்பீர்கள் என்று கேட்டதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் போனேன். தண்ணீரை வைத்துச் செய்து காட்டச் சொன்னார். ஏர் பிடித்த விரலுக்குப் பத்து விழுந்ததா பதினேழு விழுந்ததா என்று எனக்கே தெரியவில்லை. "நீங்க போயி கஞ்சி காச்சுங்க பெரியவரே" என்று ஒதுக்கிவிட்டார். தை மாதம் நம் வீட்டுக்கு வந்த உன் தம்பி குழந்தைவேலின் பெண்டாட்டி அமுதம் மூன்று தரம் செய்தாள், மூன்று தரமும் பத்துதான். ஒவ்வொரு வேளையும் மாமியார் முழித்துப் பேசுகிறார்களா என்று பார்க்க வேண்டும், மூச்சைத் தன் மூச்சோடு ஒத்துப் பார்க்க வேண்டும், தூக்கக் கலக்கமாக இருந்தால் கொடுக்கவே கூடாது என்று சொல்லி, அத்தனையையும் அவள் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்தார். பிறகுதான் பாட்டிலை அவள் கையில் கொடுத்து, "வேற யார் கையிலயும் குடுக்காதம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு நாள் அமுதம் கொடுத்தாள், பேதியும் குறைந்தது.

மூன்றாம் நாள் காலை பூரணாங்குப்பத்திலிருந்து உன் ஆண்டாள் அத்தை பார்க்க வந்தாள். என் அக்காவின் கைராசி உனக்குத் தெரியாததா, விதைக்கும்போது முதல் பிடி நம் வீட்டில் அவள்தான் விடுவாள். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. எனக்கு யோசனை தோன்றும்போது வீட்டில் இருப்பவர்கள் எழுந்து ஓடிவிடுவது நல்லது. அக்கா கையால் ஒரு வேளை மருந்து போனால் உன் அம்மா சட்டென்று எழுந்துவிடுவாள் என்று அமுதத்திடம் பாட்டிலைக் கேட்டேன். அவள் அதை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, "வேணாம் மாமா, நர்சம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க" என்றாள். "இன்னாம்மா, நேத்து வந்த பொண்ணு பெரியவங்களுக்குச் சட்டம் சொல்றியா" என்று அதட்டினேன். கொடுத்துவிட்டாள். அக்கா அந்தக் குழாயைப் பார்த்துவிட்டு, "இன்னாடா கண்ணையா இது, எறும்புக்குத் தண்ணி காட்டுறாப்புல இருக்குது" என்று சிரித்து, பாலாடையில் பாதிக்கு ஊற்றிப் புகட்டிவிட்டாள். நானும் கூடச் சிரித்தேன் பலராமா.

அம்மா அசந்து தூங்கினாள். ராசி வேலை செய்கிறது என்று அக்காவுக்கு மோர் கரைத்துக் கொடுத்தேன். அமுதம் மட்டும் பக்கத்தை விட்டு நகரவில்லை. தான் மூன்று மூச்சு விடும் நேரத்தில் உன் அம்மா ஒன்றுதான் விடுகிறாள் என்று கண்டு, இமையை விலக்கிப் பார்த்தாள், கண்மணி கடுகாகச் சுருங்கிக் கிடந்தது. அதற்குப் பிறகு அவள் யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. குழந்தைவேலைச் சைக்கிளில் பாகூருக்கு விரட்டினாள், அம்மாவைத் தூக்கி நிறுத்தினாள், முகத்தில் தண்ணீரை அடித்தாள். "மாமா, மரமாட்டம் நிக்காத, அந்தப் பக்கம் தாங்கு" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். மரியாதை எங்கே போயிற்றோ, நானும் அதைத் தேடவில்லை. உன் அம்மாவின் உதடு கறுத்து, தலை என் தோளில் சாய்ந்து சாய்ந்து விழுந்தது. முப்பத்திரண்டு வருஷம் குடித்தனம் செய்தவளைக் களத்தில் நடத்துவதுபோல் நடத்திக்கொண்டே இருந்தோம். "அத்தே தூங்காத, அத்தே என்னைப் பாரு" என்று அமுதம் தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள். காசம்மாள் வந்து ஊசி போட்டு, கடுங்காப்பி புகட்டி, பொழுது சாயும்வரை கூடவே உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகுதான் உன் அம்மா கண்ணைத் திறந்து, புடவையை ஏன் இப்படி நனைத்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். காசம்மாள் திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவர் சொன்னது வேறு. "பாட்டில அமுதம் கையில குடுத்தது சரி. இந்த வூட்டுல அந்தப் பொண்ணு வேணாம்னா யாராவது கேப்பாங்களான்னு நான் பாக்கல. அப்பவே உங்க எல்லாரையும் நிக்க வெச்சிச் சொல்லியிருக்கணும்" என்றார். திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். பிறகு என்னையும் அக்காவையும் குழந்தைவேலையும் வரிசையாக நிறுத்தி, அமுதம் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எங்கள் வாயால் சொல்ல வைத்தார். அக்கா மூன்று நாள் யாருக்கும் தன் கையால் சோறு போடவில்லை, அழுதுகொண்டே இருந்தாள். தப்பு என்னுடையது, உனக்கு அளவு சொல்லிக் கொடுக்காமல் பாட்டிலைக் கொடுத்தவன் நான் என்று பத்துத் தரம் சொல்லித்தான் ஊருக்கு அனுப்பினேன்.

ஆகையால் அலமாரி சங்கதியில் என் புத்தி இவ்வளவுதான். மடை திறக்கிற வேலையைக்கூடக் கை பழகாத ஆளிடம் கொடுக்காதவன், மருந்தை ராசி பார்த்துக் கொடுத்தேன். நீ அப்படிச் செய்யாதே. யார் கை உன் கண் முன்னால் தவறாமல் செய்து காட்டுகிறதோ அவரிடம் கொடு, மற்ற ஏழு பேரையும் நிறுத்தி, இது இவர் பொறுப்பு, இவர் மறுத்தால் நானே மறுத்த மாதிரி என்று சொல்லிக் கொடு. கொடுத்துவிட்டு நீயும் போய்ப் போய்ப் பார். முத்துசாமிக்கு மனம் நோகும்தான். நாலு நாள் பேசாமல் இருப்பார், பிறகு பேசுவார். அந்தப் பக்கம் பாயில் கிடக்கிறவர்களுக்கும் வீட்டில் யாரோ இருப்பார்கள்.

எனக்கு அலுப்பாக இருக்கிறது, கண் சொருகுகிறது, கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள். நீ நீண்ட ஆயுளோடும், உன் கைக்கு வருகிற நோயாளிகள் நடந்து வீட்டுக்குப் போகிற பாக்கியத்தோடும் இருக்க அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். வேளைக்குச் சாப்பிடு. மறக்காமல் ஒன்று செய். அம்மாவுக்கு இனி என்ன ஆகாரம், எத்தனை நாள் படுக்கை, எதற்குப் பயப்பட வேண்டும் என்று விவரமாக எழுது, ஆனால் எனக்கு எழுதாதே, நான் படித்தால் எனக்குப் பிடித்ததை மட்டும் படிப்பேன். அமுதத்துக்கு எழுது. மூத்தார் தம்பி பெண்டாட்டிக்குக் கடிதம் போடுவது நம் வீட்டில் இல்லாத வழக்கம் என்று எனக்கும் தெரியும். உறையின் மேலும் அவள் பெயரே இருக்கட்டும். தபால்காரர் மணவாளன் அதைத் தெருவெல்லாம் காட்டிக்கொண்டுதான் வருவார், நான் வாசலில் நின்று வாங்கிப் பிரிக்காமல் அவள் கையில் கொடுக்கிறேன்.

இப்படிக்கு
உன் அப்பா
கு. கண்ணையன்