கடைசி மனிதனுக்குப் பின்னால் ஒரு கோலம்

எடிட்டிங் அறையில் ஃபிலிம் ஒட்டும் பசையின் மூடியைத் திறந்தேன். மூக்கைச் சுடும் அந்த நெடியோடு நீயும் வந்துவிட்டாய். "சீக்கிரம் ஒட்டு மச்சி, உலகம் அழியறதுக்குள்ள" என்பாய், ஒவ்வொரு முறையும்.

மேசையில் இருப்பது நம் படம்தான். தண்ணீர் தீர்ந்து ஊரே செத்துப்போன பின், ஒருவன் மட்டும் காலிக் குடத்தோடு அலைகிறான். மற்ற டைரக்டர்களெல்லாம் கதாநாயகனைக் கல்லூரி வாசலில் நிறுத்திக்கொண்டிருந்தபோது நீ உலகத்தின் முடிவை எடுக்கக் கிளம்பினாய். அந்தத் திமிர் எனக்குப் பிடித்தது. படம் முழுக்கப் பிடித்தது என்று இப்போதும் பொய் சொல்ல மாட்டேன். முதல் பாதியில் நடக்கிறான், நடக்கிறான், நடந்துகொண்டே இருக்கிறான். பேச ஆளில்லாதவன் இடிந்த சுவரைப் பார்த்துச் சொற்பொழிவு ஆற்றுகிறான். ஒட்டுத் தாடி ஒரு பக்கம் எழும்பி நிற்கிறது. ஆனால் அடையாற்றங்கரையின் வெடித்த சேற்றில் குடத்தைக் கவிழ்த்து அவன் உட்காரும் இடம் இருக்கிறதே, அதை உன்னைத் தவிர யாராலும் எடுத்திருக்க முடியாது.

பிறகு அந்த மயிலாப்பூர் காட்சி. ஆளில்லாத தெரு வேண்டுமென்று விடியும்போதே போனோம். அதே தெருவில் நாலு வீட்டு வாசலைப் பெருக்கிக் கோலம் போடுவது உன் அம்மாவின் வேலை. "இன்னிக்கு மட்டும் லேட்டா போடும்மா" என்று காதோடு கெஞ்சினாய்.

"உன் உலகம் அழியற வரிக்கும் வூட்டுக்காரம்மா காத்துக்கினு இருப்பாங்களா? தள்ளு நைனா."

"யார்ரா அது?" என்றான் காமிராக்காரன்.

"தெருவுல வேலை செய்றவங்க" என்றாய். அம்மாவுக்கு அது கேட்டது. கோலத்தை முடித்துவிட்டு, படத்தில் விழாதபடி வாளியோடு சந்துக்குள் ஒதுங்கிக்கொண்டார். அவசரத்தில் கோலம் படத்தில் விழுவதை நாம் ஒருவரும் கவனிக்கவில்லை.

அடையாறில் ஒரு சின்ன ஹாலில் படத்தைத் திரையிட்டோம். கடைசி மனிதன் தள்ளாடி வருகிறான். அவனுக்குப் பின்னால், ஈர வாசலில், பளிச்சென்று கோலம். கடைசி வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்: "தலைவா, சொட்டுத் தண்ணி இல்லன்ற, வாசல் தெளிச்சிக் கோலம் போட்டது இன்னா, பேயா?"

ஹாலே சிரித்தது. நீயும் சிரித்தாய். எனக்கு ஆத்திரம் வந்தது அப்போதுதான்.

வெளியே வந்ததும், "அந்தத் துண்ட வெட்டிடு" என்றாய்.

"அது உங்கம்மா போட்டதுடா."

"அதுக்குதான் வெட்டுன்றேன்."

வெட்டினேன். அதன் பிறகு உன்னோடு பேசவில்லை. கோட்டூர்புரத்தில் லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை போட்டு உன்னை வளர்த்தவருக்கு உன் தண்ணீரில்லா உலகத்தில் இடமில்லை என்றால், அந்த உலகம் இருந்தென்ன, அழிந்தென்ன? இதை உன் முகத்துக்கு நேரே கேட்டிருப்பேன். அதற்குள், கெட்ட தண்ணீர் குடித்து வந்த காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

வெட்டிய துண்டை நான் எறியவில்லை. டிபன் டப்பாவில் சுருட்டி வைத்திருந்தேன். இன்று அதை அதன் இடத்திலேயே ஒட்டிவிட்டேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. இப்போதெல்லாம் யாராவது "காலித் தெரு வேணும்" என்றால், "வாசல் தெளிச்சது யாரு?" என்றுதான் முதலில் கேட்கிறேன். அது நீ எனக்கு விட்டுப்போன வியாதி.

ஞாயிற்றுக்கிழமை அதே ஹாலில் படம் போடுகிறோம். உன் அம்மா முதல்முறையாகப் பார்க்கப் போகிறார். கோலத்தைப் பற்றிச் சொன்னதும் பதறிப்போனார்: "ஐயோ கண்ணு, அன்னிக்கு அவசரத்துல ஒரு புள்ளி தப்பாயிட்ச்சே! அதையா காட்டப் போற?"

காட்டத்தான் போகிறேன். கோலம் போட்டது யார் என்று எவனாவது கத்தட்டும். பதில் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும்.