பாப்பா பாட்டு இருந்த கேசட்

பீரோவைத் திறந்தால் எப்போதும் அந்துருண்டை வாசனைதான் வரும். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மேல்தட்டில் கைவிட்டுத் துழாவியபோது அதோடு சேர்ந்து பழைய கேசட் நாடாவின் வாசனையும் வந்தது. துருவும் பிளாஸ்டிக்கும் கலந்த அந்த வாடை நம் ரெண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும், நைனா. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஹாலில் உன் மகள் காபியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. பெருங்குடியில் அவள் ஆபீஸ். வார நாளில் தலை சொறிய நேரமில்லை என்று ஞாயிறு பார்த்து மந்தைவெளிக்கு வந்திருந்தாள். தொண்டை போன பிறகு பேசுவதற்குப் பதிலாக நீ எழுதிக் காட்டுவாயே, அந்த நோட்டுகளில் ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். ஒரு பக்கத்தைப் பிரித்து என்னிடம் நீட்டினாள். 'என் குரல் கேக்கணும்னா மாமாகிட்ட கேளு. பத்திரமா வச்சிருக்கான்.' உன் கோணல் எழுத்து.

"அப்பா குரல் போனப்ப எனக்கு நாலு வயசு. ஒண்ணுமே ஞாபகமில்ல மாமா" என்றாள். "அப்பா மேடையில பாடின கேசட் எங்க வீட்லயே முப்பது இருக்கு. அதெல்லாம் அந்த சினிமாப் பாடகரோட குரல். எனக்கு எங்கப்பா குரல் வேணும்."

நியாயமான பேச்சுதான். மெல்லிசைக் குழுவில் பாடகனுக்குப் பெயர் ஏது? 'வாய்ஸ்' மட்டும்தான். கச்சேரி பேச வருகிற கல்யாண வீட்டுக்காரர் எடுத்த எடுப்பில் கேட்பது, "உங்ககிட்ட யார் யார் வாய்ஸ் இருக்கு?" என்பதுதான். நீ அந்தப் பெரிய பாடகரின் வாய்ஸ். நோட்டீஸில் அவர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். அதன் கீழே 'குரலில் பாடுபவர்' என்று உன் பெயர் எறும்பு ஊர்வது போல இருக்கும். அவர் எந்த இடத்தில் மூச்சு வாங்குவாரோ அதே இடத்தில் நீயும் வாங்குவாய். ஒரு பாட்டு பதிவானபோது அவருக்கு லேசாக ஜலதோஷமாம். நீ அந்த ஜலதோஷத்தையும் சேர்த்தே பாடினாய். தி.நகர் மண்டபம் ஒன்றில் மாப்பிள்ளையின் தாய்மாமன் உனக்குப் பொன்னாடை போர்த்தி, "கண்ண மூடினா அவரேதாங்க" என்று உருகினார். பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது நீ கேட்டாய்: "கண்ண தொறந்தா நான் யாரு நைனா? அத இன்னாத்துக்கு எவனும் சொல்ல மாட்றான்?" நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரிக்க வேண்டிய விஷயம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

உன் சொந்தக் குரலைக் கேட்கும் பாக்கியம் பனகல் பார்க் பக்கத்து ஜவுளிக்கடைக்கு வந்த பெண்களுக்குத்தான் கிடைத்தது. பகல் முழுக்கக் கடை வாசலில் நின்று, "வாங்கம்மா, உள்ள வாங்க, சும்மா பாத்துட்டுப் போங்க" என்று கூப்பிடுவதுதான் உன் உத்தியோகம். ஒருநாள் விளையாட்டுக்குப் பாடகர் குரலில் கூப்பிட்டாயாம். திருநெல்வேலிக்கார முதலாளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "ஏலே, ஒன் குரல்லயே கூப்பிடு. அதுக்குத்தான் ஆளு வருது" என்றாராம். உன்னை உன் குரலுக்காகவே வேலைக்கு வைத்துக்கொண்ட ஒரே மனுஷர் அவர்தான். அதை அவரும் அறியவில்லை, நீயும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பாப்பா பிறந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். ராஜா அண்ணாமலைபுரத்தில் அக்கார்டியன்காரர் வீட்டுக் கார் ஷெட்டில் ஒத்திகை. வழக்கம்போல நம் ரெண்டு பேரைத் தவிர யாரும் நேரத்துக்கு வரவில்லை. நான் தும்பா மேளத்துக்குத் தோலை இறுக்கிக்கொண்டிருந்தேன். நீ என்னவோ முணுமுணுத்தாய்.

"இன்னா பாட்டு அது?"

"பாப்பாவ தூங்க வக்க நானா கட்னது. மெட்டும் என்துதான், வார்த்தையும் என்துதான்."

என் மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த டூ இன் ஒன் பெட்டி பக்கத்திலேயே இருந்தது. அதில் கிடந்த கேசட்டிலேயே பதிந்தேன். மூன்று நிமிஷம் பாடியிருப்பாய். அது அவரைப் போல இல்லை, வேறு யாரைப் போலவும் இல்லை. மேலே போகும்போது குரல் கொஞ்சம் நடுங்கியது. நீ அதைச் சரிசெய்யப் பார்க்கவில்லை. எட்டு வருஷம் உன் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவன் நான். நீ பாடி அன்றைக்குத்தான் கேட்டேன். உனக்குப் போட்டுக் காட்டலாமென்று நாடாவைப் பின்னால் சுற்றினேன். "வோணாம் நைனா, என் கொரல நான் கேட்டா கூச்சமா கீது" என்று பெட்டியை மூடிவிட்டாய்.

இனி நான் செய்த காரியம். இதை உயிரோடிருந்த உன்னிடம் ஒரு நாளும் சொல்லவில்லை.

நம் பிழைப்பு உனக்குத் தெரியும். ரேடியோவில் ஒரு புதுப் பாட்டு வந்தால் அதை முதலில் மேடையேற்றுகிற குழுவுக்குத்தான் அந்த முகூர்த்த சீசனில் மவுசு. பாட்டு வரிகளை எப்படியாவது பிடித்துவிடலாம். நடுவில் வரும் இசைதான் கழுத்தை அறுக்கும். ரேடியோவில் போடும்போதே பதிந்து, திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டு ஸ்வரம் எழுத வேண்டும். கேசட்டின் முதுகில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே எதையும் பதிய முடியாது. பிடித்த பாட்டு அழியாமலிருக்க ஊரில் எல்லோரும் அதை உடைத்து வைப்பார்கள். குழுக்காரன் மட்டும் உடைக்கமாட்டான். அவனுக்குப் பிடித்த பாட்டு என்று ஒன்று கிடையாது, அடுத்த பாட்டுதான் எல்லாம்.

நானும் உடைக்கவில்லை. அடுத்த புதன்கிழமை சாயங்காலம், நம் போட்டிக்காரர்களான அடையாறு குழுக்காரர்கள் தவம் கிடந்த பாட்டை ரேடியோக்காரர் அறிவித்தார். பெட்டிக்குள் என்ன கேசட் இருக்கிறது என்று பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. பட்டனை அமுக்கிவிட்டேன். பாட்டு முழுசாக விழுந்தது. அடையாறு குழுவுக்கு நாலு நாள் முன்னதாகவே நாம் அதை மயிலாப்பூரில் வாசித்தோம். நீதான் பாடினாய், பிரமாதமாக, அவர் குரலில்.

மறுநாள் ஸ்வரம் எழுத உட்கார்ந்தபோதே விஷயம் தெரிந்துவிட்டது. ஐயோ என்று தலையில் கைவைத்தேன். ஆனால் அரை மணி நேரத்தில் சமாதானமும் ஆகிவிட்டேன். ஆள் எங்கே போகப்போகிறான், இன்னொரு தரம் பாடச் சொன்னால் போச்சு என்று நினைத்தேன். கேட்கத்தான் இல்லை. இன்றைக்கு நாளைக்கு என்று நாலு வருஷம் ஓடியது. அப்புறம் உன் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள்.

ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் நாள் பாப்பாவின் சிலேட்டை வாங்கி, 'பாப்பா பாட்டு இருக்கா?' என்று எழுதி என் பக்கம் திருப்பினாய். உன் கழுத்தில் குழாய். கண் மட்டும் என்மேலே இருந்தது.

"பத்திரமா பீரோல வச்சி பூட்டிகீறேன் நைனா" என்றேன்.

நீ என் கையை எடுத்து உன் நெற்றியில் வைத்துக்கொண்டாய். அந்த நேரத்தில் உண்மையைச் சொன்னால் நீ தாங்கமாட்டாய் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் சால்ஜாப்பு. எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

கடை வாசலில் நின்றவனை உள்ளே புடவை மடிக்கப் போட்டார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் வாய் திறக்காமல் புடவை மடித்தாய். பாப்பா கல்யாணத்தின்போது, அந்தப் பாட்டை மண்டபத்தில் போடலாமா என்று எழுதிக் கேட்டாய். நாடாவில் பூஞ்சை பிடித்துவிட்டது, சுத்தம் பண்ணக் கொடுத்திருக்கிறேன் என்று அளந்துவிட்டேன். 'நல்லா பண்ணட்டும். அவசரம் இல்ல' என்று எழுதினாய். என்மேல் உனக்கு ஒரு துளி சந்தேகம் வந்திருந்தால்கூட இன்றைக்கு இவ்வளவு வலிக்காது.

ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். திட்டுவாள், எழுந்து போய்விடுவாள் என்று பார்த்தேன். காபியில் ஆடை படிந்துகொண்டிருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு, "அப்பாவுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாதும்மா."

"நல்லதுதான்" என்றாள். பிறகு, "அந்தக் கேசட்டையாவது போடுங்க" என்றாள்.

தட்டிக் கொட்டிப் பெட்டியை ஓட வைத்தேன். முதலில் ஒரு கரகரப்பு. அதற்கப்புறம் என் குரல், இளவட்டக் குரல்: "பாடு நைனா, ரெக்கார்டு ஆவுது." உடனே டொக்கென்று ஒரு சத்தம், ரேடியோ பாட்டு. அன்றைக்கு நாடாவை முழுசாகப் பின்னால் சுற்றாமல் விட்டதில் மிஞ்சியது அவ்வளவுதான். உன்னைப் பாடச் சொன்ன நான் இருக்கிறேன். நீ இல்லை.

உன் மகள் போனைப் பெட்டியோடு ஒட்டிவைத்து அந்த இடத்தைப் பதிந்துகொண்டு நாலைந்து முறை கேட்டாள். ஐந்தாம் முறை அவள் முகம் மாறியது. "மாமா, நீங்க சொல்லி முடிச்சதும் ஒரு மூச்சு கேக்குது. அப்பாவா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவள் அதை எடுத்துக்கொண்டு போயிருப்பாள். சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. உன்னிடம் சொன்ன பொய்களே போதும் என்று தோன்றியது. "இல்லம்மா, அது கார் ஷெட் ஃபேன்" என்றேன்.

போனை அணைத்துப் பைக்குள் வைத்தாள். "சரி, எங்கப்பா எப்படிப் பேசுவாரு? நீங்க பேசிக் காட்டுங்க. 'பாப்பா, சாப்டியா'ன்னு எப்படிக் கூப்பிடுவாரு?"

நம் குழுவில் யாரை எழுப்பிக் கேட்டாலும் நாலு பேர் குரல் வரும். எனக்கே இரண்டு நடிகர் குரல் வரும்; இடைவேளையில் மிமிக்ரி செய்து கைதட்டல் வாங்கியிருக்கிறேன். உன் குரலை எடுத்துப் பார்ப்போம் என்று எங்களில் ஒருத்தனுக்கும் தோன்றியதில்லை. நினைவு தெரிந்த நாள் முதல் பெரிய மனிதர்கள் குரலாகப் பார்த்துத்தான் எடுத்தோம்.

வாயைத் திறந்து, "பாப்பா, சாப்டியா" என்றேன். வந்தது என் குரல், கிழட்டுக் குரல். இருமிக்கொண்டு இன்னொரு தரம் சொன்னேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் தரம் நான் ஆரம்பிக்கும்போது, வேண்டாம் மாமா என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் போய் நாலு நாள் ஆகிறது. நீ அவளைக் கூப்பிடுவது எனக்கு இப்போதும் கேட்கிறது, நைனா. அந்தப் பாட்டும் முதலிலிருந்து கடைசிவரை கேட்கிறது. இந்த உலகத்தில் அது என் ஒருத்தன் காதில்தான் இருக்கிறது. அதை வெளியே எடுத்து அவளிடம் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை. எனக்கு எழுபத்தைந்து வயதாகிறது.