பிரஷாந்தியின் நம்பரிலிருந்து

பெரியகல்லாறு,
ஆனி மாதம், ஞாயிறு.

அன்புள்ள ஷர்மிலாவுக்கு,

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று கேட்டுத்தான் இதைத் தொடங்குகிறேன். நீ போனை எடுப்பதில்லை. நம் வட்ஸ்அப் குழுவையும் திறப்பதில்லை. அதனால் வெள்ளிக்கிழமை ரொறன்ரோ வரும் தம்பி உதயரூபனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். கூடவே கூனி இறால் ஒரு பொதி இருக்கிறது. வாசம் வெளியே வராமல் மூன்று பையில் கட்டியிருக்கிறேன்.

நம் பிரஷாந்தியின் முப்பத்தோராம் நாள் காரியம் போன வாரம் முடிந்தது. மழை இல்லை. சனம் நிறைய வந்தது. நம்மோடு மட்டையும் பந்துமாக எல்லே விளையாடியவர்களில் ஊரில் இருப்பவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். உன்னைத்தான் கேட்டார்கள்.

செத்தவீட்டன்று உனக்குக் காட்டிய வீடியோ அறுந்துபோன பிறகு நீ எனக்கு ஒரே ஒரு வரி அனுப்பினாய். “அவள் மூச்சுக்குத் தவிக்கக்குள்ள நான் பகிடி விட்டுக்கொண்டு இருந்தனே கா” என்று. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. அன்று காலை நடந்ததை நீ முழுதாக அறியவேண்டும்.

நீ அங்கே போய் பேஸ்போல் பைத்தியம் பிடித்து முதல் வீடியோ அனுப்பியபோது, “இது நம்மட எல்லேதான் கா, கையுறை மட்டும்தான் கூட” என்று அவள் சொன்னது நினைவிருக்கிறதா? பிறகு போனில் அந்த ஒன்பது கட்டப் புதிர் வந்தது. மேலே மூன்று அணி, பக்கத்தில் மூன்று அணி. கட்டத்தில் சந்திக்கும் இரண்டு அணிக்கும் விளையாடியவனின் பெயரை அதில் போடவேண்டும். நாம் ஆளுக்கு மூன்று கட்டம் என்று பிரித்துக்கொண்டோம். உனக்கு இரவு, எங்களுக்குக் காலை. தையல் மெஷினில் இருந்தபடியே அவள்தான் முதல் பெயரை எழுதுவாள். ஒரு ஆட்டம்கூட நேரில் பார்க்காதவள்.

அன்று ஆஸ்பத்திரியில் நான்தான் பக்கத்தில் இருந்தேன். மூக்கில் ஒட்சிசன் குழாய். போனைப் பிடிக்கக் கையில் பலமில்லை. “வாசி கா” என்றாள். வாசித்தேன். இரண்டு கட்டத்துக்குப் பெயர் சொன்னாள். மூன்றாவது, ரொறன்ரோவும் பொஸ்ரனும். கண்ணை மூடி யோசித்துவிட்டு, “எனக்கு வருதில்ல, ஷர்மிலாக்கிட்ட விடு” என்றாள். அதை அப்படியே அவளுடைய போனிலிருந்து உனக்கு எழுதினேன். நீ பெயரைப் போட்டுவிட்டு, “சோம்பேறி, நாளைக்கு என்ட கட்டத்தையும் நீதான் போடணும்” என்று எழுதினாய்.

அந்த வரியை அவளுக்கு வாசித்துக் காட்டினேன், ஷர்மிலா. சிரித்தாள். சிரிப்பு இருமலாகி அடங்க நேரமெடுத்தது. நான் ஈரத்துணியால் உதட்டைத் துடைத்தேன். “அவளுக்கு வாய் கூடிப்போச்சு” என்றாள். பிறகு அதிகம் பேசவில்லை. பின்னேரம் போய்விட்டாள். அவள் கடைசியாகச் சிரித்தது உன் பகிடிக்குத்தான்.

இனி நான் எழுத வந்த விஷயம்.

கிருஷாந் அண்ணன் இந்த விளையாட்டை எப்படி ஏளனம் செய்வார் என்று உனக்குத் தெரியும். “வெள்ளக்காரன்ட பேர் சோறு போடுமா?” என்று மனைவி பிரஷாந்தியைச் சீண்டிக்கொண்டே இருப்பார். இப்போது வாவியில் வலை இழுத்துவிட்டு வந்தால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்க ஆளில்லை. அவளுடைய போனை அவர்தான் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறார். புதிர் திறக்கும் நேரம் அது மணி அடிக்கும். அவள் அப்படிச் செய்து வைத்திருந்தாள். அதை நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை.

நேற்றுக் காலை என் வீட்டுப் படலையடியில் வந்து நின்றார். “தங்கச்சி, இத எப்பிடி விளையாடுற? அவள் அடிக்கடி சொல்லுற ஒரு பேர்தான் எனக்குத் தெரியும். எல்லாக் கட்டத்துக்கும் அதையே போட்டுப் பாத்தன். எடுக்குதில்ல” என்று போனை நீட்டினார். விரலில் மீன் செதில் ஒட்டியிருந்தது. தேத்தண்ணி போடுகிறேன் என்று சொல்லிக் குசினிக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஒரு பெயரை ஒரு தடவைதான் போடலாம் என்று சொல்லிக்கொடுத்தேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, “நானும் உங்கட குறூப்பில எழுதலாமா? ஷர்மிலா ஏசுவாளா?” என்று கேட்டார். அந்தப் போனில் எழுதினால் பிரஷாந்தியின் பெயரும் படமும்தான் உனக்குத் தெரியும். நீ திடுக்கிட்டுப் போகக்கூடாது. அதனால் உன்னிடம் சொல்லும்வரை பொறுக்கச் சொன்னேன். “ஓம், பாத்துக்கொண்டு இருக்கன்” என்றார்.

உதயரூபன் வந்து சேர்ந்த மறுநாள் அவர் எழுதுவார். பிழையாகத்தான் போடுவார். திருத்து, ஏசு, உன் விருப்பம். அவளுடைய படத்தைப் பார்க்க முடியாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டாவது ஒரு சொல் எழுது. அந்த மனிதரைப் பதிலில்லாமல் மட்டும் விட்டுவிடாதே. என்னையும்தான்.

அம்மாள் உனக்குத் துணையிருக்கட்டும். உடம்பைக் கவனித்துக்கொள்.

உன்,
கேதீஸ்வரி