என் காது எட்டாத இடம்

11-10-1961
மழை விடவில்லை. இந்த மலைப் பிரசவ விடுதிக்கு மிட்வைஃபாக வந்து இரண்டு வருடம். இப்போது எனக்கே மாதம் நெருங்கிவிட்டது. அடுத்த வாரம் வாணியம்பாடிக்கு, அம்மா வீட்டுக்கு இறங்க வேண்டும். தான் வேலை செய்யும் தோல் மண்டியில் கேட்டு ஜீப் கொண்டுவருவதாக என் வீட்டுக்காரர் சொல்லியனுப்பியிருக்கிறார்.

14-10-1961
போளூர்ப் பாதையில் மண் சரிந்துவிட்டதாம். ஜீப் ஏறாது.

16-10-1961
காலையிலிருந்து குழந்தை அசையவில்லை. ஒருக்களித்துப் படுத்தேன். வெல்லம் கரைத்துக் குடித்தேன். இல்லை.

எத்தனை பேர் வயிற்றில் மரக்குழலை வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்டிருக்கிறேன். என் வயிற்றில் வைத்தால் என் காது எட்டவில்லை. குனிந்து குனிந்து பார்த்து அழுதுவிட்டேன். கூட இருப்பது ஆயா வடிவு ஒருத்திதான். குழலை வைக்கக் காட்டிக் கொடுத்தேன். வெகுநேரம் கேட்டாள்.

"கேக்குதுங்கம்மா."

நம்பிக்கை வரவில்லை. "கேக்கற மாதிரியே என் கையில தட்டிக் காட்டு" என்றேன்.

அவள் தட்டவில்லை. "ஒண்ணும் கேக்கலீங்க. நீங்க அழுவறத பாக்க முடியாம சொல்ட்டேன்."

திட்டத் தோன்றவில்லை. குழலைத் தொப்புளுக்குக் கீழே, இடப்பக்கமாக நகர்த்தினேன். மூச்சை அடக்கிக் கேட்டாள். மெல்ல அவள் விரல் என் உள்ளங்கையில் தட்டத் தொடங்கியது. வேகமாக. என் கழுத்து நாடியைத் தொட்டுப் பார்த்தேன். அது மெதுவாக, வேறாகத் துடித்தது. அப்படியானால் குழந்தையுடையதுதான்.

ஆனால் நடுநடுவே விரல் தயங்குகிறது. தயங்குவது அவளா, என் குழந்தையின் இதயமா?

17-10-1961
வலி வந்துவிட்டது. யா அல்லா.

20-10-1961
பெண். நீலம் பாரித்துப் பிறந்தாள். கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. நான் படுத்தபடியே சொல்லச் சொல்ல, வடிவு கொடியை எடுத்துவிட்டு முதுகைத் தேய்த்தாள். அழுகைச் சத்தம் வருவதற்குள் நான் — வேண்டாம், எழுத முடியவில்லை. இப்போது பால் குடிக்கிறாள்.

9-11-1961
பாதை திறந்துவிட்டது. அவர் ஜீப்போடு வந்தார். மகளைக் கையில் வாங்கி, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "கெளம்பு சலீமா. இந்த மல போதும்" என்றார். நானும் பெட்டியைக் கட்டினேன்.

அதற்குள் செல்லி என்ற பெண்ணைக் கம்பில் கட்டிய தூளியில் தூக்கி வந்தார்கள். தலைப்பிரசவம். குழந்தையை அவரிடமே விட்டுவிட்டுக் கை கழுவினேன்.

"பயமா கீதும்மா" என்றாள்.

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு."

இதுவரை எல்லோரிடமும் 'பயப்படாதே' என்றுதான் சொல்லியிருக்கிறேன். செல்லி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்குப் பையன் பிறந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வெளியே வந்தேன். ஜீப் இல்லை; திருப்பி அனுப்பிவிட்டாராம். அவர் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, விடுதி வராந்தாவில் மெதுவாக நடந்துகொண்டிருந்தார்.